மிச்சமாகும் இடம்

எழுபது சதவீதம் மிச்சமாகும் என்றது கணினி.

ஜான்சி அதை நம்பவில்லை.

தேனியில் அந்த ஸ்கேன் சென்டரைத் திறந்த நாளிலிருந்து கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள் பொறுப்புதான். சர்வரில் இடம் நிறைந்துபோயிருந்தது. புதிதாக வாங்குவதற்கு முன்னால், இருப்பதிலேயே எவ்வளவு இடத்தை மீட்கலாம் என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தார் முதலாளி சுயம்புலிங்கம்.

அதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. எதையும் அழிக்காது, மாற்றாது. சேர்த்து வைத்த படங்களையெல்லாம் சிறுசிறு துண்டுகளாகப் பார்த்துக்கொண்டே போகும். ஒரே மாதிரித் துண்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் சுருக்கினால் இவ்வளவு மிஞ்சும் என்று சொல்லும்.

"எக்ஸ்ரேல பெருசா மிஞ்சாது சார்" என்று காலையில்தான் அவரிடம் சொல்லியிருந்தாள்.

ஒருவர் நெஞ்சு போல இன்னொருவர் நெஞ்சு இருக்காது. ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்தாலும் துண்டுக்குத் துண்டு பொருந்தாது.

யாரோ ஒரு ஃபோல்டரை இரண்டு தடவை காப்பி செய்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். ஒவ்வொன்றையும் தனியாக ஓடவிட்டாள். கை, கால், முதுகெலும்பு எல்லாம் அவள் சொன்னபடியே வந்தன.

கேம்ப் ஃபோல்டரில் மட்டும் ஏறக்குறைய எல்லாமே மிச்சம்.

சர்வரில் பாதிக்கு மேல் அந்தப் படங்கள்தான். கம்பத்திலிருந்து மலைக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் போய்வரும் கூலி ஆட்களின் படங்கள். நெஞ்சில் காசநோய் இல்லை என்று சான்று காட்டினால்தான் தோட்டத்தில் சேர்ப்பார்கள். அதற்காக சென்டரின் எக்ஸ்ரே வேன் கம்பத்துக்குப் போய் நிற்கும்.

இரண்டு படங்களைத் திறந்து அருகருகே வைத்தாள்.

ஒன்று நல்லகண்ணு, வயது அறுபத்திரண்டு. மற்றது ராஜாத்தி.

ராஜாத்தி அக்கா கம்பத்தில் ஜான்சிக்குப் பக்கத்து வீடு. மழை தொடங்கியதிலிருந்து அவள் இருமுவது சுவர் தாண்டிக் கேட்கும். கேட்டால், படத்தில் ஒன்றுமில்லை, மலைக் குளிர்தான் என்று சிரிப்பாள்.

மேலே எழுதியிருந்த பெயர்கள்தான் வேறு வேறு. விலா எலும்புகளும், இதயத்தின் நிழலும், ஓரத்தில் விழுந்திருந்த மெல்லிய கீறலும் ஒன்றே.

இன்னொன்றைத் திறந்தாள். இன்னும் சிலவற்றைத் திறந்தாள். ஆண், பெண், கிழவர், இளவட்டம். எல்லோருக்கும் புள்ளி விழாத ஒரே நுரையீரல்.

படத்தைப் பெரிதாக்கினாள். இடது தோள் பக்கம் நகர்த்திப் பார்த்தாள்.

"எம்புட்டு வருதும்மா?"

சுயம்புலிங்கம் பின்னால் நின்றிருந்தார்.

"எழுபது சார்."

அவர் திரையைப் பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அறைக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"வேன்ல இருக்கிற மிஷின் போன வருசமே படுத்துருச்சு. அதுக்காக கேம்பை நிறுத்த முடியுமா? இது நல்லா விழுந்த படம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டாப் போதும்கிறியே, மத்ததெல்லாம் காப்பின்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.

"உள்ள போய்ப் பாக்குறவங்களுக்குத் தெரியும் சார்."

"உள்ள போய்ப் பாக்குறது நீ மட்டும்தானே."

மிரட்டும் குரல் இல்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பது போலத்தான் இருந்தது. சனிக்கிழமை கேம்ப் இருக்கிறது என்று நினைவூட்டிவிட்டுப் போனார்.

அவர் மாடியிலிருந்து இறங்கும் சத்தம் அடங்கும்வரை ஜான்சி பொறுத்திருந்தாள். தோட்டத்து ஜீப்புகள் கம்பத்தில் ஆட்களை இறக்கிவிட்டிருக்கும் நேரம். போனை எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு ஜீப்புல ஏறாதீக. தேனி பெரியாஸ்பத்திரிக்கு என்கூட வாங்க."

முதலில் இருமல் வந்தது. அது ஓய்ந்த பிறகுதான் ராஜாத்தி பேசினாள்.

"எதுக்கு ஆத்தா? வேனுக்குள்ள நிப்பாட்டி, மூச்சை இழுத்துப் பிடின்னாக, பிடிச்சேன். சுத்தமா இருக்குன்னு சொல்லித்தானே சீட்டுக் குடுத்தாக."

"அது உங்க படம் இல்லக்கா."

"பெறகு யாரு நெஞ்சு அது?"

ஜான்சிக்கு எதிரே திரையில் இடது காறை எலும்பு ஓரிடத்தில் புடைத்திருந்தது. முறிந்து கூடிய எலும்பு. வீரபாண்டித் தேர் பார்க்கப் போகும் வழியில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து முறிந்தது. சென்டருக்குப் புது மிஷின் வந்து இறங்கிய அன்று, சோதித்துப் பார்க்க யாராவது வந்து நில்லுங்கள் என்று மெக்கானிக் கூப்பிட்டார். எல்லோரும் தயங்கினார்கள். ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே போய் நின்றாள்.

"என்னோடதுக்கா."

அந்தப் பக்கம் போனுக்கு மிக அருகே ஒரு பச்சைக் குழந்தை சிணுங்கி, மறுபடி தூங்கிப்போனது.

"படம் சுத்தம்னாகன்னுதானே ஆத்தா" என்றாள் ராஜாத்தி, குரல் எழும்பாமல், "எம் மக பெத்ததை ஒரு மாசமா நெஞ்சுல போட்டே தூங்க வைக்கிறேன்."