வாம்பாட் கையேடு

“மனுஷன் நெருப்பைக் கண்டுபிடிச்சான். அப்புறம் சக்கரத்தை. அதுக்கப்புறம் நான் வாம்பாட்டைக் கண்டுபிடிச்சேன்” என்றார் கம்பெனி முதலாளி ராடெரிக், கண்ணை மூடிக்கொண்டு.

ஹோபார்ட் துறைமுகத்தைப் பார்த்த அந்த மாடி அறையில் மூன்று பேர் அதைக் கேட்டார்கள். அவர்களில் ஒருவன் ஸ்கோன் ரொட்டி மென்றுகொண்டிருந்தான்.

வாம்பாட் ஒரு மென்பொருள் கருவி. இணையதளத்தில் செய்தி ஏற்றுகிறவர்களுக்கு ஒரு படிவம் இருக்கும். தலைப்புக்கு ஒரு பெட்டி, தேதிக்கு ஒரு பெட்டி, படத்துக்கு ஒரு பெட்டி. அதில் இல்லாத புதுப் பெட்டி வேண்டுமென்றால் வாம்பாட்டுக்குக் கட்டளை கொடுத்தால் போதும், செய்து போட்டுவிடும். அந்தப் பெயருள்ள விலங்கு சதுரம் சதுரமாகப் புழுக்கை போடும். ராடெரிக் மேடைகளில் பெயர்க்காரணத்தை மட்டும் சொல்வதில்லை.

வாம்பாட்டை எப்படி இயக்குவது என்ற கையேட்டை எழுதியவள் ரோவினா. பதினெட்டுப் பக்கம். லான்செஸ்டனில் வீட்டைக் காலி செய்து, மகளைப் பள்ளி மாற்றி, இந்த வேலையை நம்பி வந்தவள். ஆறு மாதமாகியும் வேலை நிரந்தரமாகவில்லை.

“இவங்க மெரில். படகு கம்பெனி இணையதளத்துல படகு நேரம் போடறவங்க. புரோகிராம்ல ஒரு வரி தெரியாது” என்றார் ராடெரிக். “உன் கையேட்டை மட்டும் பாத்து அரை மணிக்குள்ள ஒரு பெட்டி செஞ்சுட்டாங்கன்னா, அவங்க கம்பெனி நம்ம கருவியை வாங்கும், உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா வெள்ளிக்கிழமை உனக்கு வழியனுப்பு கேக். ஒரே விதிதான். யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

பிறகு சாமி சிலையை இறக்குவதுபோலத் தன் மடிக்கணினியை மேசைமேல் வைத்தார். “என் மெஷின்லயே செய்யட்டும்.”

“என்ன பெட்டி வேணுங்க?” என்று கேட்டாள் ரோவினா.

“கடல் எப்படி இருக்குன்னு சொல்ற பெட்டி. அமைதி, ஆட்டம், படகு இல்லை. மூணுல ஒண்ணைத் தொட்டா போதும். இப்ப நான் பத்தி பத்தியா எழுதறேன். ஒருத்தரும் படிக்கறதில்ல. நேரா துறையில வந்து நின்னு என்னைத் திட்டுறாங்க” என்றாள் மெரில்.

மணி பத்து இருபது. மெரில் பக்கங்களைப் புரட்டினாள். “முதல் ரெண்டு பக்கம் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குன்னு போட்டிருக்கு. அதை விட்டுடலாமா?”

“தாராளமா” என்றார் ராடெரிக்.

மூன்றாம் பக்கத்துக் கட்டளையை மெரில் அடித்தாள். சுவரிலிருந்த பெரிய திரையில் சிவப்பு எழுத்து விழுந்தது: இப்படி ஒரு கட்டளை தெரியாது.

ரோவினா முன்னால் சாய்ந்து பார்த்தாள். தன் கணினியில் இருபது தடவை செய்து பார்த்த கட்டளை அது.

மெரில் ஒவ்வொரு எழுத்தாகத் திரும்ப அடித்தாள். அதே சிவப்பு.

“ரொம்பப் புத்திசாலிக் கருவி” என்றார் ராடெரிக். “குப்பையைப் போட்டா ஏத்துக்காது. நான் எழுதியிருந்தா அரைப் பக்கத்துல முடிச்சிருப்பேன்.”

“விதி உங்களுக்குக் கிடையாதா?” என்றாள் மெரில், திரும்பாமலே.

ஸ்கோன் தின்றுகொண்டிருந்த ஹாமிஷ், அலுவலகத்தின் ஒரே புரோகிராமர், கையைத் தூக்கினான். “ராட், ஒரு நிமிஷம்...”

“விதி, ஹாமிஷ்!”

ஹாமிஷ் கையை இறக்கிக்கொண்டான். மெரில் நாலாம் பக்கத்துக்குப் போனாள்; சிவப்பு. மறுபடி மூன்றாம் பக்கம், சிவப்பு. ரோவினா விரல் நகத்தைக் கடித்தாள். இப்போதுதான் மகளுக்குப் புதுப் பள்ளியில் ஒரு தோழி கிடைத்திருந்தாள்.

“இன்னும் பத்து நிமிஷம்தான்” என்றார் ராடெரிக். “கேக்ல சாக்லேட் போதுமா, பழம் போடச் சொல்லவா?”

மெரில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். “இருங்க. நான் யாரையும் நம்பப் போறதில்ல. முதல் பக்கத்துலேர்ந்து ஒரு வரி விடாம செய்யறேன்.”

ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள். ராடெரிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹாமிஷ் மெல்லுவதை நிறுத்தியிருந்தான். ரோவினா திரையைப் பார்க்கும் தைரியமில்லாமல் மெரிலின் விரலை மட்டும் பார்த்தாள். அது எட்டாம் பக்கம் போயிற்று. பன்னிரண்டு. பதினாறு.

இரண்டு நிமிடம் மிச்சமிருக்கையில் சுவர்த்திரையில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. கடல் நிலை: அமைதி, ஆட்டம், படகு இல்லை. மெரில் ‘ஆட்டம்’ என்பதைத் தொட்டாள். அது தேர்வாகிப் பதிந்தது.

“அம்மாடி!” என்றாள் ரோவினா. கண் கலங்கிவிட்டது.

“கையேடு பளிச்சுனு இருக்கும்மா. என் வீட்டு வாஷிங் மெஷினுக்கும் இப்படி ஒண்ணு எழுதிக் குடு. நாங்க வாங்கிக்கறோம்” என்றாள் மெரில்.

ராடெரிக் எழுந்து ரோவினாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வேலை உனக்குத்தான்! மெரில், பாத்தீங்களா? மூணு வருஷம். ஒரு ஆள் உதவி கிடையாது. இதோ இதே மெஷின்ல உக்காந்து, ஒவ்வொரு வரியும் நானே எழுதி, தினம் ஓட்டிப் பாத்து உருவாக்கினது.”

ஹாமிஷ் ஸ்கோன் துகள்களை மேசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

“இருங்க, பதினெட்டாம் பக்கத்துல இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு” என்றாள் மெரில். “கருவியின் விவரம் பார்க்க இதை அடிக்கவும்னு.” அடித்தாள்.

சுவர்த்திரையில் எல்லோரும் படித்தார்கள். இந்தக் கணினியில் வாம்பாட் முதன்முதலாக நிறுவப்பட்டது: இன்று காலை 10.43.