பயந்தாங்கொள்ளியின் கண்ணாடி

மனித இனம் கெட்டுக் குட்டிச்சுவரானது, சோபாத் துணிக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்கிற கன் மெஷினில் பேட்டரியைக் கழற்ற வழி வைத்த நாளிலிருந்துதான்.

மேஸ்திரி இதைச் சிரிக்காமல் சொன்னார். கவிழ்த்துப் போட்ட சோபாவின் வயிற்றில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

தையல் மெஷினில் இருந்த அவர் மனைவி தலை தூக்கவில்லை. மனித இனம் கெட்டுப்போன தேதி அவர் வாயில் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் அது ஃபோமுக்குப் பசை தடவ பிரஷ் வந்த நாளாக இருந்தது.

இன்றைய பிரசங்கம் அவளுடைய தம்பிக்கு.

அவன் கையில் கன் மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு பின் வளைந்து அதன் மூக்கை அடைத்திருந்தது. இப்படி மாட்டினால் அவன் முதலில் பேட்டரியைக் கழற்றித் தள்ளி வைப்பான். மிச்சப் பின்களை உருவி எடுப்பான். அப்புறம்தான் கட்டிங் பிளேயரைத் தொடுவான். கண்ணில் எந்நேரமும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி. அதனால் பட்டறையில் அவனுக்கு நீச்சல்காரன் என்று பெயர். மெஷினோடு வந்த காகிதத்தைக் கடைசி வரி வரை படித்த ஒரே ஜீவன் என்று மேஸ்திரி அவனை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அறிமுகம் செய்துவைப்பார்.

மேஸ்திரியிடம் கன் மாட்டினால் கதையே வேறு. பின்னறைக்கு எடுத்துப் போவார். வெளிச்சம் அங்கேதான் வாகாக இருக்கிறதாம். பின்னறையில் இருப்பது ஒரே ஒரு அழுது வடியும் பல்பு.

தம்பியின் கட்டைவிரல் பேட்டரிக்குப் போனது.

“தூங்கும்போது கையையும் கழட்டி வெச்சிட்டுத்தான் தூங்குவியா, மாப்ள?”

பாலிஷ்காரர் சிரித்தார். துணி வெட்டுகிறவர் சிரித்தார். சோபாவை அவசரப்படுத்த வந்து உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், என்ன விஷயமென்றே தெரியாமல், மரியாதைக்குச் சிரித்தார்.

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தம்பி அவளைத்தான் பார்த்தான். இவனுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்தவள் அவள்தான்.

பேட்டரியிலிருந்து விரலை எடுத்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். வலது கையால் கன்னின் பிடியை இறுக்கிக்கொண்டு, இடது கையால் பிளேயரை மூக்குக்குள் விட்டான்.

வளைந்த பின் சட்டென்று கழன்றது. பிடித்திருந்த கை தன்னையறியாமல் விசையில் இறுகியது.

டக்.

நாளெல்லாம் கேட்கிற அதே சத்தம்தான். அதனால் முதலில் யாரும் திரும்பவில்லை.

அவன் கத்தவுமில்லை. இடது கையைத் தூக்கி, யாருடையதோ என்பதுபோலப் பார்த்தான். ஆள்காட்டி விரலின் மூட்டில், பின்னின் முதுகு மட்டும் வெளியே தெரிந்தது.

“மடக்க முடியலக்கா.”

அவள் வெட்டுத்துணியைச் சுற்றினாள். பிடுங்கிவிடலாம் என்று வந்த மேஸ்திரியின் கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிடப்பட்ட கையை அவர் அப்படியே வாடிக்கையாளர் பக்கம் நீட்டி விளக்க ஆரம்பித்தார். மெஷினில் ஒரு குற்றமும் இல்லையாம். பயந்து தொட்டால் மெஷினுக்குத் தெரிந்துவிடுமாம். நெஞ்சில் தைரியம் இருக்கிறவனை அது ஒன்றும் செய்யாதாம்.

பாலிஷ்காரர் வண்டியை எடுத்தார். வாடிக்கையாளரும் துணி வெட்டுகிறவரும் தெருவுக்கு வந்து, இந்த ஆஸ்பத்திரியா அந்த ஆஸ்பத்திரியா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தம்பியை நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஏறப்போனவளுக்கு அப்போதுதான் பை ஞாபகம் வந்தது. பின்னறை ஆணியில் தொங்குகிறது.

உள்ளே ஓடினாள்.

பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. பல்புக்கு அடியில், அவளுக்குப் பக்கவாட்டைக் காட்டியபடி மேஸ்திரி ஃபோம் துண்டுகள்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் அதே கன். தம்பியின் கை தவறிக் கீழே விழுந்ததில் மறுபடி மாட்டியிருந்தது.

பேட்டரியைக் கழற்றினார். தடுமாறாமல், பழகிய கையால். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மிச்சப் பின்களை உருவி எடுத்தார். பிறகு ஃபோம் குவியலுக்குள் கைவிட்டு ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

தம்பியுடையது என்றுதான் முதலில் நினைத்தாள். அது அவன் நெற்றியிலேயே வண்டியில் உட்கார்ந்திருந்தது.

இதன் நாடா நீல வெல்வெட். விளிம்பில் இரட்டைத் தையல். அவள் தையல் அவளுக்குத் தெரியாதா.

முன்பொரு நாள் கொண்டுவந்து கொடுத்தார். யாரோ ஒரு பயந்தாங்கொள்ளி வாடிக்கையாளருடையதாம், நாடா அறுந்துபோயிற்றாம். தலை அளவு கேட்டதற்கு, என் தலைக்கே தைத்துவிடு, அவனுக்கும் பொருந்தும் என்றார். இருவரும் அந்த ஆளை நினைத்து வெகுநேரம் சிரித்தார்கள். தைக்கும்போது பார்த்தாள். இடது கண்ணின் பிளாஸ்டிக்கில், கருவிழிக்கு நேர் எதிரே, பின் குத்திய ஆழமான வடு. இது மட்டும் இல்லாவிட்டால் பாவம் கண்ணே போயிருக்குமே என்றாள்.

ஆமாம் பாவம் என்றார்.

தெருவில் பாலிஷ்காரர் ஹாரன் அடித்தார்.

மேஸ்திரி பிளேயரை எடுத்துக் கன்னின் மூக்கருகே கொண்டுபோனார். நிறுத்தினார். பேட்டரி பைக்குள்தான் இருக்கிறதா என்று சட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.