வருடத்துக்கு ஒரு அழைப்பு

பதினோராவது கேள்விக்கு முன்னால் அவர் தண்ணீர் குடிப்பார். மிடறு இறங்கும் சத்தம் என் ஹெட்போனில் கேட்கும்.

“கடந்த ஒரு வருடத்தில் உங்களுக்குப் புற்றுநோய் இருப்பதாக மருத்துவர் யாரேனும் கூறினார்களா?”

“இல்லம்மா. கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்.”

எங்கள் வேலை இதுதான். குழந்தை வேண்டும் என்பதற்காகக் கருமுட்டை வளர ஊசி போட்டுக்கொண்ட ஆறாயிரம் பெண்களை வருடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு இதைக் கேட்க வேண்டும். ஊசியே போட்டுக்கொள்ளாத ஆறாயிரம் பேரிடமும் இதையே கேட்க வேண்டும். இருபது வருடம் கழித்து இரண்டு எண்ணிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள்.

கேள்விகளை எழுதியிருப்பதுபோலவே படிக்க வேண்டும். ஒரு சொல் கூடவோ குறையவோ கூடாது. சொந்தமாகப் பேச வராத எனக்கு அது வசதியாக இருந்தது.

இன்று மட்டும் சொந்தமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதத்திலிருந்து கேள்விகள் கைபேசிக்குப் போய்விடும். விரலால் தொட்டுப் பதில் தரலாம். இனி யாரையும் கூப்பிடப் போவதில்லை. இதுதான் கடைசி அழைப்பு என்று இவரிடம் சொல்ல வேண்டும்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வரிசையாகக் காலி நாற்காலிகள். ஒன்றின் முதுகில் யாருடைய ஸ்வெட்டரோ தொங்கியது.

பிறந்த தேதியைத் தடுமாறாமல் சொல்லியிருந்தார். எடைக்கு, “போன வருஷத்துதையே போட்டுக்கோ, எங்க வீட்டு மெஷின் பொய் சொல்லுது” என்றார். புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்றதற்கு, “இந்த வருஷம் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்” என்றார். நான் சத்தமில்லாமல் சிரித்தேன்.

“உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

இது படிவத்தில் இல்லாத கேள்வி. ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்.

“இன்னும் இல்ல மேடம்.”

“ஆகட்டும், மெதுவா ஆகட்டும். ஆனதும் எல்லாரும் விசேஷம் உண்டா, விசேஷம் உண்டான்னு அரிப்பாங்க. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடு. எங்க வீட்டுல அப்படி விடல. மாமியார்க்காரி இருக்காளே, அவ ஒரு ராட்சசி. முதல் தடவை தங்கலைன்னதுமே போதும்னு விட்டிருக்கணும். மூணு தடவை, தரதரன்னு இழுத்துட்டுப் போனா.”

மாமியாரைப் பற்றிப் பேசும்போது மற்ற பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள். இவர் உயர்த்துவார்.

“அது கிடக்கட்டும். அந்த ஊசியாலதான் வருதுன்னு கண்டுபுடிச்சிட்டாங்களா?”

இதையும் ஒவ்வொரு வருடமும் கேட்பார். கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார். ‘ஆய்வு இன்னும் முடியவில்லை, உங்கள் மருத்துவரை அணுகவும்’ என்று படிக்க வேண்டும். மூன்று முறை படித்திருக்கிறேன்.

நான் கடைசி அழைப்பைப் பற்றிச் சொன்னேன்.

அவர் பக்கம் எங்கோ ஒரு மின்விசிறி கடகடத்தது.

“அப்ப எனக்கு யாரு பதில் சொல்லுவா?”

“எண்ணி முடிச்சாலும், ஆறாயிரம் பேர்ல எத்தனை பேருக்குன்னுதான் மேடம் தெரியும். குறிப்பா ஒருத்தருக்கு அதனாலதான்னு சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது.”

“ஓ” என்றார்.

எங்கும் எழுதியிருக்காத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

“அந்த மாமியாரை மன்னிச்சிட்டீங்களா மேடம்?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“அதை நான் எப்படிம்மா சொல்ல முடியும்?” என்றார். பிறகு, “நல்லா இரு” என்று வைத்துவிட்டார்.

நான் எதையும் பதியவில்லை. பதிய இடமில்லை.

படிவத்தில் பெயர் இருக்கும் அந்தப் பெண்ணின் கணக்கு மூன்று வருடங்களுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. வயது நாற்பத்தாறு. சினைப்பைப் புற்றுநோய்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. அவருடைய எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. படிவத்தில் அடுத்ததாக இருந்த எண்ணைக் கூப்பிட்டு, பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து, “ஆமா, நான்தான்” என்றது இந்தக் குரல். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று பதில் சொன்னது.

இறப்புப் பதிவேடு இரண்டு மாதம் கழித்து வந்தது. நான் கூப்பிட்ட நாளுக்குப் பதினோரு நாள் முன்பே அவர் போயிருந்தார். பதிலைத் திருத்தினேன். குரலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

பட்டியலில் இல்லாத அந்த எண்ணை அடுத்த வருடமும் கூப்பிட்டேன். அதற்கடுத்த வருடமும். எல்லோரும் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து. அந்த வருடங்களில் நான் சாப்பிட்டேனா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஸ்கேன் செய்த பழைய படிவத்தைத் திரையில் திறந்தேன். மூன்றாவது சிகிச்சையும் பலிக்காமல் போன மாதத்தில் அந்தப் பெண் தன் கையால் நிரப்பியது. நான் கூப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம்.

அதில் முதலில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தார். அதன்மேல் ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில், இடம் போதாமல் சின்னதாக எழுதியிருந்தார்: மாமியார்.