அத்தையின் கொண்டை

"எங்க பக்கத்துல யாருக்கும் இப்படிச் சின்னத் தலை கிடையாது டாக்டர்" என்றாள் மாமியார், யாரும் கேட்பதற்கு முன்பே.

மருமகளுக்கு எரிச்சலாக வந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து இதே பல்லவிதான். சொல்லி முடித்ததும் மாமியார் தன் பெரிய கொண்டையை ஒரு தட்டுத் தட்டிக்கொள்வாள். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் கொண்டை கலைந்து வீட்டில்கூட யாரும் பார்த்ததில்லை.

டாக்டர் குழந்தையின் புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றி அளந்தார். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை அளந்தார். குழந்தை டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள்.

"சின்னதுதான். ஆனா வயசுக்கேத்த விளையாட்டெல்லாம் இருக்கு. சில குடும்பங்கள்ல பரம்பரையாவே தலை சின்னதா இருக்கும். மூளை நல்லா வேலை செய்யும். அப்படின்னா பெரிசா பயப்பட வேண்டாம். உங்களை அளந்து பார்ப்போம்."

மருமகளின் தலை சராசரி அளவுதான்.

"குழந்தையோட அப்பா?"

"கப்பல்ல வேலை டாக்டர். நடுக்கடல்ல இருக்கார். போனே போகல."

"அப்போ காத்திருக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்துடலாம்."

மருமகள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். இத்தனூண்டு உடம்புக்கு மயக்க மருந்தா?

"அவரோட அம்மாவை அளந்து பார்க்கலாமா டாக்டர்?"

"தாராளமா. கொண்டையை மட்டும் அவிழ்க்கணும்."

"அதெல்லாம் முடியாது" என்றாள் மாமியார் வெடுக்கென்று. "அதான் சொன்னேனே, எங்க பக்கத்துல கிடையாதுன்னு."

"பேத்தியைவிட உங்களுக்குக் கொண்டை பெரிசாப் போச்சா அத்தை?"

கல்யாணமாகி வந்த பிறகு மருமகள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

மாமியார் குழந்தையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள்.

முன்முடியும் கொண்டையும் ஒரே டோப்பாவாக அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் நாலே நாலு முடியோடு, பேத்திக்கு இருப்பது போலவே சின்னஞ்சிறு தலை.

"அளந்துக்கோங்க டாக்டர். பள்ளிக்கூடத்துல எனக்குக் குண்டூசின்னுதான் பேரு. என் பிள்ளைக்கும் இதே தலைதான். முடியைப் புதர் மாதிரி வளர்க்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

மருமகளின் பக்கம் அவள் திரும்பவில்லை. மடியில் கிடந்த கொண்டையைப் பார்த்தே சொன்னாள்.

"உன் பக்கத்துல ஒரு குறையும் இல்லம்மா. எல்லாம் எங்க பக்கம்தான்."