ஏழு மணி ஊசி

மணி ஏழு இருபது. தமிழ்ச்செல்வி இன்னும் வரவில்லை.

ராயப்பன் மூன்றாவது முறையாகக் கேட் வரை போய்த் திரும்பினார். பஸ் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவர் அவர். ஐந்து நிமிடம் தாமதமாக வண்டி எடுத்த டிரைவர்களை அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நிறுத்தி வைத்து வறுத்தெடுத்தவர்.

மேசைமேல் பஞ்சு, ஸ்பிரிட், புது சிரிஞ்ச் எல்லாம் தயார். அவளுடைய மருந்துக் குப்பியை ஏழடிக்கும் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

ஃப்ரிட்ஜில் அதே தட்டில் முன்பு மரியபுஷ்பத்தின் குப்பி இருந்தது. மனைவிக்குப் பதினொரு வருடம் சர்க்கரை ஊசி போட்டது அவர் கைதான். தினமும் காலை ஏழு மணி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அது தவறியதில்லை.

போன ஜூலையில் ஒரு காலை, ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு அவளை எழுப்பப் போனார். மரியபுஷ்பம் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் அவருக்கு ஒருவரையும் பிடிக்காமல் போயிற்று. கோலப்பொடி பறந்து உள்ளே வருகிறது என்று எதிர்வீட்டோடு சண்டை. ஹாரன் அடித்தார் என்பதற்காகப் பால்காரரை நிறுத்தினார். மகன் ஆண்ட்ரூஸ் ஓசூரிலிருந்து கூப்பிட்டால் ‘ம்’ என்பதோடு சரி. துக்கம் விசாரிக்க வந்துகொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

காலை ஏழு மணி ஆனால் மட்டும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாது. மடியில் வைப்பார். எடுப்பார். எழுந்து நடப்பார்.

நான்கு மாதம் முன்பு பக்கத்து வீட்டுத் தமிழ்ச்செல்வி கேட்டில் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் வேல்முருகன் போர்வெல் வண்டியோடு ராஜஸ்தான் பக்கம் போனால் திரும்ப ஆறு மாதமாகும். அவள் கையில் மருந்துக்கடைப் பை இருந்தது.

“ஏனுங்கண்ணா, எனக்கும் டாக்டரு ஊசி எழுதிட்டாருங்க. ஊசியப் பாத்தாலே கை நடுங்குதுங்க. அக்காவுக்கு நீங்கதான போட்டுட்டிருந்தீங்க?”

“நான் என்ன கம்பவுண்டரா?”

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார். போய் நின்றார். திரும்பி வந்து பார்த்தால் அவள் போகாமல் அங்கேயே இருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டுவாள். நேற்று என்ன தின்றாய், எவ்வளவு தூரம் நடந்தாய், கல்யாண வீட்டில் எத்தனை ஜிலேபி என்று அவர் திட்டிக்கொண்டே போடுவார். ஊசிக்கு ஒரு நிமிடம், திட்டுக்கு அரை மணி நேரம். அவளுக்காகவே ராயப்பன் ஆறு மணிக்கெல்லாம் எழுந்து, குளித்து, சவரம் செய்துகொள்ள ஆரம்பித்திருந்தார்.

ஏழு இருபத்தைந்து.

செல்லில் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

தனியாகத்தானே படுத்திருப்பாள். உள்ளே தாழ் போட்டிருந்தால் யார் போய் எழுப்புவது? எழுப்பினால் எழுந்திருப்பாளா?

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். அறுபத்தேழு வயதில் அவர் ஓடிப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது.

முன்னறைக் கட்டிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெண்ணந்தூரில் இருக்கும் தமிழ்ச்செல்வியின் அப்பா சென்னிமலை. ராத்திரிதான் வந்திருக்க வேண்டும். கொண்டுவந்த பை பிரிக்காமல் காலடியில் இருந்தது.

தமிழ்ச்செல்வி வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒரு மருந்துக் குப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். தலைகீழாகப் பிடித்து, அளவு பார்த்து மருந்தை இழுத்தாள். நகத்தால் இரண்டு சுண்டு. காற்றுக் குமிழ் மேலேறிப் போயிற்று. அப்பாவின் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துச் செருகினாள், எடுத்தாள்.

எல்லாம் அரை நிமிடம்கூட இல்லை. கை நடுங்கவே இல்லை.

“எத்தன வருசமாப் போடற, ஒருநாளாச்சும் வலிச்சிருக்குதா சாமி?” என்றார் பெரியவர். “ஊருல அந்த நர்சம்மா குத்துனா உசுரே போவுது.”

ராயப்பன் சத்தம் கேட்காமல் பின்வாங்கினார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் கோபம்தான் வந்தது. நான்கு மாதமாக இந்தப் பொம்பளை தன்னை ஏமாற்றியிருக்கிறாள். அந்த மூடிய கண், பயந்த முகம், எல்லாம். எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்று நினைத்தார். எழுந்தார். ஆனால் கால் கேட்டுக்குப் போகாமல் குளியலறைக்குப் போயிற்று. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, துண்டை முகத்திலேயே வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

ஏழு நாற்பதுக்கு அவள் வந்தாள். மூச்சு வாங்கியது.

“நேரமாயிப் போச்சுங்கண்ணா.”

உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ராயப்பன் ஸ்பிரிட்டால் துடைத்தார். திட்டவில்லை. ஊசியைப் போட்டு, அந்த இடத்தில் பஞ்சை வைத்தார்.

“நாளைக்கு வரும்போது உங்கப்பாவையும் கூட்டிட்டு வா” என்றார். “ஏழு மணின்னா ஏழு மணி.”

தமிழ்ச்செல்வி கண்ணைத் திறந்தாள்.

அவர் குனிந்து ஊசிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.