மில்லுக்குள் வந்த குட்டிக் கடிகாரம்

அமெரிக்காவில் ஒரு துணி மில். அங்கே வேலை செய்பவர்கள் கடிகாரம் கொண்டுவரக் கூடாது. சுவர்க்கடிகாரம் காட்டுவதுதான் நேரம்; அது ஆறு காட்டினால்தான் வேலை முடியும். அதற்குத் தலைகால் புரியாத பெருமை. தினமும் மதியம் மேஸ்திரி ஏணி போட்டு ஏறி, அதன் முள்ளைப் பின்னால் தள்ளிவிட்டுப் போவார். தன்னைச் சீராட்டுகிறார் என்றே அது நினைத்திருந்தது.

ஒருநாள் தறிக்காரி நோராவின் சாப்பாட்டுத் தூக்குக்குள், ரொட்டிக்கு அடியில், டிக் டிக்கென்று சத்தம். அவள் ஒளித்துக் கொண்டுவந்த குட்டிக் கடிகாரம்!

“அண்ணே, ஆறு மணி ஆயிருச்சு! நீங்க இன்னும் அஞ்சரையிலேயே நிக்கிறீங்களே!”

“வாயை மூடுடா பொடியா! நான் சொன்னாத்தான் இங்கே பொழுதே சாயும்.”

நோரா தூக்கைத் திறந்து பார்த்தாள். சட்டென்று தறியை நிறுத்தினாள். பக்கத்துத் தறி நின்றது, அதற்கடுத்தது நின்றது, நானூறு தறியும் நின்றுவிட்டன!

“மணி அஞ்சரைதான்! மேலே பாருங்க!” என்று மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினார். ஒருத்திகூட நிமிரவில்லை. சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, பாடிக்கொண்டே கிளம்பினார்கள்.

வாசலைத் தாண்டப்போன தூக்கைப் பார்த்துச் சுவர்க்கடிகாரம் பதறிக் கூப்பிட்டது:

“தம்பி, தம்பி! ஒரு நிமிஷம் நில்லுப்பா. இப்போ மணி என்ன?”