ஒரு ஆளுக்காகவா?

“ஜூஸ் உள்ள போவாது. அவ்ளோதான்.”

கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையின் கேட்டில் அன்புசெல்வன் கையை நீட்டி மறித்தார். ஆலைக்குள் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அதிகாரி. முதலாளியின் மச்சானே வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டுத்தான் உள்ளே போனார் என்று ஆலைக்குள் ஒரு பேச்சு உண்டு.

ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்த இன்ஜினியரிங் மாணவர்கள் செல்போனையும் தின்பண்டத்தையும் மேஜையில் வைத்துவிட்டார்கள். ஹுமைரா மட்டும் தன் சின்னப் பையை விடவில்லை. அதில் இன்சுலின் பேனா, சர்க்கரை பார்க்கும் மீட்டர், ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட்.

“எனக்கு டைப் ஒன் டயபடீஸ் சார். சின்ன வயசுலேருந்தே. சர்க்கரை திடீர்னு எறங்கிட்டா ஒடனே இதக் குடிக்கணும்.”

“சுகர்காரங்க ஜூஸ் குடிப்பாங்களா? இன்னாமா கத உடற?”

“ஏறினா ஊசி, எறங்கினா ஜூஸ். ரெண்டும் கையில இருந்தா உங்க ஃபர்னஸ் பக்கத்துலகூட நிப்பேன் சார்.”

துளி தயக்கமில்லை. அன்புசெல்வனுக்கு அந்தப் பேச்சு பிடித்துத்தான் இருந்தது. ஆனால் முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டார்.

கூட வந்த பேராசிரியர் ஜெரால்டுக்குப் பொறுமை போய்விட்டது.

“இதுக்குத்தான் பஸ்லயே உக்காருன்னு சொன்னேன். நாஷ்டாகூட சாப்டாம செவ்வாப்பேட்டையிலேருந்து ஓடியாந்திருக்கேன், நீ இங்க ரூல் பேசிக்கினு நிக்கற” என்றவர், அன்புசெல்வன் பக்கம் திரும்பினார். “காலேஜ்லயும் இதே பேஜாருதான் சார். லேப்ல ஜூஸ், குளுக்கோஸ் எல்லாம் போட்டு ஒரு பெட்டி வெக்கணுமாம். மயக்கம் வந்தா இன்னா பண்றதுன்னு எல்லாருக்கும் சொல்லித் தரணுமாம். ஒரு ஆளுக்காகவா?”

ஹுமைரா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“லீவுல இங்க ஒரு மாச ட்ரெயினிங்குக்கு எழுதிப் போட்டிருக்கேன் சார். கேட்லயே நின்னுட்டா என்னை எப்படி எடுப்பீங்க?”

அனலுக்கு நடுவே யார் தாங்குவார்கள் என்று பார்ப்பது அவர் வேலை என்பதால், ட்ரெயினிங்குக்கு யாரை எடுப்பது என்பதில் அன்புசெல்வன் சொல்வதுதான் முடிவு. அவர் தாடையைச் சொறிந்தார்.

“சரி, ஒரே ஒரு பாக்கெட். வெளிய வர்றப்ப என்கிட்ட காட்டணும். தொடாம கொண்டாந்தா ட்ரெயினிங் உனக்கு. ஒரு ரவுண்டுக்கே தாங்கலைன்னா ஒரு மாசம் எப்படித் தாங்குவ?”

“தேவைப்பட்டா குடிப்பேன் சார். குடிச்சா கொஞ்ச நேரத்துல சரியாயிடும். அதுக்குப் பேரு தாங்கலங்கறது இல்ல.”

“பாக்கலாம், பாக்கலாம்.”

உள்ளே செக்கச்செவேலென்று கம்பிகள் உருளைகளுக்கு நடுவே ஓடின. மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஹுமைரா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு அன்புசெல்வனின் தொண்டைத் தண்ணீரை வற்ற வைத்தாள்.

நடுவில் கிரேன் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவர் போய்த் திரும்பி வந்தபோது மாணவர்கள் அடுத்த பகுதிக்குப் போயிருந்தார்கள். ஓரமாகக் கிடந்த பெஞ்சில் ஹுமைரா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜெரால்ட் சார், சட்டையெல்லாம் வேர்வை.

“இன்னா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல சார், அனல் தாங்கல” என்றார் ஜெரால்ட் அவசரமாக.

பொண்ணு சுருண்டுவிட்டது, வாத்தியார் பூசி மெழுகுகிறார் என்று அன்புசெல்வன் முடிவுகட்டினார்.

எல்லாரும் கேட்டுக்குத் திரும்பி வந்ததும் அன்புசெல்வன் கையை நீட்டினார்.

“எங்க, பாக்கெட்ட எடு.”

ஹுமைரா எடுத்தாள். உறிஞ்சி ஒட்டிப்போன வெறும் பாக்கெட்.

ஜெயித்துவிட்டோம் என்று அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. நல்ல பிள்ளை, போச்சே என்றுதான் இருந்தது.

“நான் அப்பவே சொன்னேன் இல்ல?”

“நான் குடிக்கல சார்.”

“பொய் சொல்லாதமா.”

“குடிச்சிருந்தா சொல்லியிருப்பேன் சார். அதுல மறைக்க இன்னா இருக்கு?”

“அப்ப யாரு குடிச்சது?”

“அத நான் சொல்லக் கூடாது சார்.”

அன்புசெல்வனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் கேட்டில் இப்படி யாரும் பதில் சொன்னதில்லை.

“அப்ப ட்ரெயினிங்கும் கெடையாது. போய் பஸ்ஸுல ஏறு.”

ஹுமைரா பையை மாட்டிக்கொண்டாள். தலையைக் குனியாமலே நடந்தாள்.

“இரும்மா ஹுமைரா.”

கூப்பிட்டது ஜெரால்ட் சார். மாணவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான்தான் சார் குடிச்சேன். எனக்கும் சுகர். ஆறு வருஷமா மாத்திரை போட்டுக்கினு இருக்கேன், காலேஜ்ல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா இன்னா நினைப்பாங்களோன்னு மூடி வெச்சிருந்தேன். இன்னிக்கு வெறும் வயித்துல மாத்திரையப் போட்டுட்டு வந்துட்டேன், சர்க்கரை எறங்கிடுச்சு. என் கை நடுங்கறதப் பாத்து இந்தப் பொண்ணுதான் உக்கார வெச்சு வாயில ஸ்ட்ராவ வெச்சுது. அதுகிட்ட இருந்ததே அந்த ஒரு பாக்கெட்தான்.”

அன்புசெல்வன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

“லீவு உட்டதும் வந்துடும்மா. எத்தினி ஜூஸ் வேணுமோ எடுத்துக்கினு வா. நான் பாத்துக்கறேன்.”

ஜெரால்ட் சார் ஹுமைரா பக்கம் திரும்பினார்.

“திங்கக்கெழமையே லேப்ல அந்தப் பெட்டிய வெச்சுடலாம்மா” என்றார். “ஒரு ஆளுக்காக இல்ல. ரெண்டு ஆளுக்காக.”